நீங்கள் வரும்வரை நகரமாட்டேன்

இது நடந்தது. வெயிலில் மூளை கலங்கிய கிழவன் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், என் மனைவியே சொல்லிவிட்டாள். ஆனால் பேய் இரவில்தான் வரும் என்று நினைப்பவர்கள், ஜூலை மாதம் எங்கள் ஊர் கைரவானுக்கு வந்து, மதிய லுஹர் தொழுகை முடிந்த பிறகு பாப் தூனிஸ் கோட்டை வாசலில் தனியாக நின்று பாருங்கள். கடையெல்லாம் சாத்தியிருக்கும். பூனைகூட வெளியே வராது. உங்கள் மூச்சு உங்களுக்கே கேட்கும். அப்புறம் பேசலாம்.

கோட்டைக்குள் இருக்கிற எங்கள் பழைய வீட்டை என் தம்பி மகள் இப்திசாம் விடுதியாக நடத்துகிறாள். ஆறு அறைகள். நடுவில் முற்றம், ஒரு எலுமிச்சை மரம். கதவைத் திறப்பது என் வேலை. கார் உள்ளே வராது. வெளியூர்க்காரர்கள் கோட்டை வாசலில் இறங்கி, சந்து சந்தாக நடந்து வர வேண்டும். முன்பு அவர்களை அழைத்து வந்தவன் என் மச்சான் கெமைஸ். என் மனைவி மஹ்பூபாவின் தம்பி. இரும்புச் சக்கரத் தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றித் தள்ளிக்கொண்டு வருவான். முதலில் கிறீச்... கிறீச்... என்று சக்கரம் கேட்கும். பிறகு அவன் இருமல். அதற்கும் பிறகுதான் விருந்தாளி வருவார். வாசலில் இறங்கியவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பான், ஆரஞ்சுப்பூ வாசம் கலந்து. தண்ணீர் குடிக்காமல் யாரையும் ஒரு அடி நடக்க விட மாட்டான்.

போன குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி வந்து போய்ச் சேர்ந்தான். சுவருக்கு வெளியே மையவாடியில் அடக்கம் செய்தோம். பறவைகள் குடிக்கட்டும் என்று எங்கள் ஊரில் கபர் மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார்கள். மஹ்பூபா தன் பச்சைக் கிண்ணத்தை வைத்தாள். விளிம்பில் கீறல் விழுந்து சுண்ணாம்பு வைத்து ஒட்டிய கிண்ணம். ஒட்டியவன் நான். தள்ளுவண்டியை மாடிப்படிக்குக் கீழே சங்கிலி போட்டுக் கட்டி வைத்தேன்.

அவன் போன பிறகு வருகிறவர்கள் சந்துகளில் வழி தவறினார்கள். கோபத்தோடு வந்து சேர்ந்தார்கள். இப்திசாம் ஒவ்வொருவருக்கும் மூன்று மொழியில் வரவேற்பு மெயில் எழுதி எழுதிக் களைத்துப்போனாள். கடைசியில் அந்த வேலையை ஏஐயிடம் கொடுத்தாள்.

"பெரியப்பா, வாசல்ல வந்து கூட்டிட்டுப் போறவர் பேர் என்னன்னு கேக்குது. உங்க பேர் போடட்டுமா?"

"யாரு கேக்குறா?"

"இதுதான். ஏஐ."

"என் பேரு அதுக்கு எதுக்கு? பொண்ணு குடுக்கப் போகுதா?"

ஒரு முறை செல்போன் கடைக்காரனிடம் பெயரைச் சொன்னேன். இன்றுவரை யார் யாரோ கூப்பிட்டு எனக்கு மெத்தை விற்கப் பார்க்கிறார்கள். மறுபடி ஏமாற நான் தயாராக இல்லை.

"கெமைஸ் பேரப் போடு" என்றேன்.

"பெரியப்பா! மவுத்தான மனுஷன்."

"அதனாலதான் சொல்றேன். என் பேர எதுக்குடா போட்டேன்னு சண்டைக்கு வராதவன் அவன் ஒருத்தன்தான்."

சும்மா பார்ப்போம் என்று போட்டாள். மெஷின் கண் மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டது. அவள் படித்துக் காட்டினாள்:

'அன்புள்ள விருந்தினரே, என் பெயர் கெமைஸ். நீங்கள் வரும் நாளில் பாப் தூனிஸ் வாசலில் உங்களுக்காக நிற்பேன். வெயிலானாலும் மழையானாலும், நீங்கள் வரும்வரை நான் அங்கிருந்து நகரமாட்டேன்.'

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

எழுத்து அழகாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றாள் இப்திசாம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். விருந்தாளி வரும் நேரத்துக்கு நான் வாசலில் போய் நிற்க வேண்டும். யாராவது கேட்டால் நான்தான் கெமைஸ் என்று சொல்ல வேண்டும். சரி என்றேன்.

முதல் விருந்தாளி வந்த அன்றைக்கே நான் போகவில்லை. சாப்பிட்டேன். கதவுக்குப் பக்கத்துத் திண்டில் சாய்ந்தேன். தூங்கிவிட்டேன்.

கதவு தட்டுகிற சத்தத்தில்தான் விழித்தேன். ஒரு ஜெர்மன் ஜோடி. முகத்தில் வியர்வை, ஆனால் சிரிப்பு.

"கெமைஸ் எங்க? இப்பதான் இங்க நின்னாரு. காசு குடுக்கலாம்னு திரும்பினேன், காணோம்" என்றார் அந்த ஆள்.

யாரோ தெருப்பையன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு அழைத்து வந்திருப்பான் என்று நினைத்தேன். நல்லதாய்ப் போயிற்று, வேலை மிச்சம்.

அடுத்து வந்தது ஒரு பிரெஞ்சுக்காரி. அன்றும் நான் தூக்கம்தான்.

"அந்தப் பெரியவர டாக்டர்ட்ட காட்டுங்க. ரொம்ப இருமுறாரு" என்றாள்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே போய்ப் பார்த்தேன். வண்டி கட்டியபடியே இருந்தது. சங்கிலி மேல் தூசு, பூட்டு மேல் தூசு. குனிந்து சக்கரத்தைத் தொட்டேன்.

சுட்டது.

இருட்டுக்குள் கிடக்கிற இரும்பு... வெயிலில் ஓடியது போல் சுட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெயரை எடுப்பார்கள். எடுத்தால் நான் வெயிலில் போய் நிற்க வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரம் என் புத்தி அவ்வளவுதான். விருந்தாளிகள் எல்லாம் கெமைஸைப் புகழ்ந்து எழுதினார்கள். அறைகள் நிறைந்தன. இப்திசாம், "பெரியப்பா, வெயில்ல நின்னு நின்னு கறுத்துட்டீங்க" என்று எனக்குத் தயிர் வாங்கி வந்தாள். வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மஹ்பூபா மையவாடியிலிருந்து திட்டிக்கொண்டே வந்தாள்.

"என் தம்பி கபர் மேல இருந்த கிண்ணத்தக் காணோங்க. செத்தவன் தண்ணியக்கூட விட்டு வைக்க மாட்டானுங்களா?"

"காத்துல உருண்டிருக்கும்."

"காத்தா? இலை அசையுதா இந்த ஊர்ல? உங்க வாய்தான் அசையுது."

அடுத்த வாரம் ஒரு போலந்துப் பெண் வருவதாக இருந்தது. அன்று மட்டும் தூங்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பாதிச் சந்தில், மூடிய கம்பளக் கடையின் கதவோரம் ஒதுங்கி நின்றேன். மணி இரண்டு இருபது.

முதலில் சத்தம்.

கிறீச்... கிறீச்...

வளைவில் அந்தப் பெண் திரும்பினாள். கையில் பெட்டி இல்லை, தோளில் ஒரு பை மட்டும். தனியாக வந்தாள். ஆனால் பேசிக்கொண்டே வந்தாள். பேசிவிட்டு நிறுத்துவாள். தலையைச் சாய்த்துக் கேட்பாள். பிறகு சிரிப்பாள்.

கம்பளக் கடை மேட்டில் நின்றாள். கெமைஸ் மூச்சு வாங்க நிற்கிற இடம் அது. சத்தமும் நின்றது.

அவள் பக்கத்தில்... வெறும் வெயில்.

அந்த வெயில் இருமியது.

எனக்குத் தெரிந்த இருமல். அவன் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து கேட்ட இருமல்.

நான் மூச்சு விடவில்லை. அவர்கள் என்னைக் கடந்து போனார்கள். அவர்கள் என்றுதான் எழுத வருகிறது. ஆரஞ்சுப்பூ வாசம் அடித்தது.

பின்னாலேயே போனேன்.

அவளுடைய பெட்டி எங்களுக்கு முன்பே வாசற்படியில் நின்றது.

அவள் கையை நீட்டினாள். அந்தக் கை காற்றில் மேலும் கீழும் ஆடியது... யாரோ பிடித்துக் குலுக்குவது போல.

பிறகு என்னைப் பார்த்து, தோள்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இத அவர்ட்ட குடுத்துடுங்க. தண்ணி குடிச்சிட்டுத் திருப்பிக் குடுக்க மறந்துட்டேன்."

பச்சைக் கிண்ணம். விளிம்பில் சுண்ணாம்பு. நான் ஒட்டிய சுண்ணாம்பு.

உள்ளே ஈரம்.

அன்று மாலையே மையவாடிக்குப் போனேன். கிண்ணத்தைக் கபர் மேல் வைத்து, தண்ணீர் ஊற்றி, முட்டி வலியோடு உட்கார்ந்தேன்.

"மச்சான்" என்றேன். "நான் தூங்குறதுக்கு உன்னய எழுப்பி நிக்க வச்சிட்டேன்டா. உயிரோட இருந்தப்பவே அந்த வெயில் உனக்கு ஆகாது. மன்னிச்சிடு. படுத்துக்கோ."

இப்திசாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு, தூசு படிந்த சங்கிலிக்குக் கீழே சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. கெமைஸ் பெயரை எடுத்தாள். நகரமாட்டேன் என்கிற வரியையும் எடுத்தாள். என் பெயரைப் போடச் சொன்னது நான்தான். அன்றிலிருந்து விருந்தாளி வருகிற நாளெல்லாம் வெயிலில் நானே நிற்கிறேன்.

வண்டிச் சத்தம் நின்றது. ஆனால் கோட்டை வாசலில், வலது பக்கச் சுவரோரம்...

இருமல்.

"வீட்டுக்குப் போடா" என்று சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். இருமல்தான் பதில்.

"இன்னும் யாருக்காக நிக்குறான்?" என்று இப்திசாமிடம் கேட்டேன். பழைய மெயில்களைத் தேடினாள். அவன் பெயரில் மெயில் போனவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒருவரைத் தவிர. லிஸ்பனிலிருந்து ஒடெட் என்று ஒரு பெண்மணி. கடைசி அறை, எலுமிச்சை மரத்தை ஒட்டியது, அவருக்காக வைத்திருந்தது. வரவும் இல்லை, வரவில்லை என்று சொல்லவும் இல்லை.

"எழுது" என்றேன். "மெஷின் வேணாம், நீயே எழுது. எப்படியாவது ஒரு நாள் வரச் சொல்லு. காசு வேணாம்னு சொல்லு."

எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று யாரும் வருவதாக இல்லை. திண்டில் படுத்திருந்தேன். தூங்கவில்லை, சத்தியமாகத் தூங்கவில்லை. படுத்த இடத்திலிருந்து மாடிப்படிக்குக் கீழே வண்டி தெரிந்தது. அசையாமல் நின்றது.

கிறீச்...

வெளியே. தூரத்தில்.

கிறீச்... கிறீச்...

வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். வண்டி என் கண் முன்னால் நின்றது. சத்தம் சந்தில் வந்தது.

மேட்டில் நின்றது. இருமியது.

மறுபடி கிளம்பியது.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது.

டொக். டொக். டொக்.

திறந்தேன்.

யாரும் இல்லை. படியில் பச்சைக் கிண்ணம். ஈரம் காயவில்லை.

கதவைச் சாத்தியிருக்கலாம். கை வரவில்லை. இந்த வீட்டு வாசலில் வந்து நின்ற யாரையும் நாங்கள் வெளியே நிறுத்தியதில்லை. ஒதுங்கி நின்றேன்.

"வாங்க" என்றேன்.

என் தோளை உரசிக்கொண்டு ஏதோ குளிர்ச்சியாகப் போனது.

முற்றத்தில் செருப்புச் சத்தம். மெதுவாக. ஒரு பெண்ணின் நடை.

கடைசி அறைக் கதவு... திறந்தது.

சாத்திக்கொண்டது.

அன்றிலிருந்து கோட்டை வாசலில் இருமல் இல்லை. கிண்ணத்தைக் கபர் மேல் திரும்ப வைத்தேன். அது அங்கேயே இருக்கிறது. என் மச்சான் படுத்துவிட்டான். அன்று இரவு பல வாரம் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து லிஸ்பனிலிருந்து பதில் வந்தது. எழுதியது அந்தப் பெண்மணியின் மகன். இப்திசாம் படித்தாள்.

'அம்மா கிளம்புவதற்கு முந்தின நாள் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தார். அப்பா போன பிறகு அவர் தனியாகப் போக இருந்த முதல் பயணம் அது. பயந்துகொண்டே இருந்தார். உங்கள் மெயில் வந்த பிறகுதான் தைரியம் வந்தது. எனக்காக ஒருவர் நிற்கிறார், நான் போகும்வரை நகரமாட்டார் என்று அந்த மெயிலை எல்லாரிடமும் காட்டினார். கெமைஸ் அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.'

கடைசி அறையை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு முறை கொடுத்தோம். உள்ளே ஏற்கெனவே யாரோ பெட்டியைப் பிரித்துத் துணி அடுக்குகிற சத்தம் கேட்கிறது என்று அவர்கள் அறை மாற்றிக்கொண்டார்கள்.

மஹ்பூபா இமாமைக் கூட்டி வந்து ஓதி அந்தப் பெண்மணியை அனுப்பிவிடச் சொல்கிறாள். இப்திசாம் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் தினமும் மதியம் அந்தக் கதவுக்கு வெளியே ஆரஞ்சுப்பூத் தண்ணீர் வைக்கிறேன். மாலையில் டம்ளர் காலியாக இருக்கிறது.

கெமைஸ் தன் வேலையை முடித்துவிட்டான். கதவைத் திறந்து வாங்க என்று சொன்னவன் நான். அவ்வளவு தூரம் நம்பி வந்த பெண்ணை... எந்த வாயால் போங்க என்று சொல்வேன்?