பெட்ஷீட்டில் ஒரு பாடத்திட்டம்

என் அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. எங்கள் வீட்டில் அவள்தான் சாது.

தொடக்கப்பள்ளி டீச்சர் அவள். ஐந்து வகுப்பு, ஐந்து அறை, வாசல் பக்கம் ஒழுகிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய், இவ்வளவுதான் பள்ளிக்கூடம். அதில் மூன்றாம் வகுப்பு பத்தொன்பது வருஷமாக அவளுடையது. நான் தையல்காரி. நானும் என் மகளும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். முன்னறை முழுக்க என் மெஷினும் வெட்டுத்துணியும். பின்னறை முழுக்க அவளுடைய புத்தகமும் திருத்தாத நோட்டும்.

எல்லாம் ஒரு செடியில் ஆரம்பித்தது. அறிவியல் பீரியடில் தொட்டிச் செடியைக் காட்டி, போன வாரத்தைவிட எவ்வளவு வளர்ந்திருக்கிறது, அளந்து சொல்லுங்கள் என்றாளாம். ஒரு பிள்ளையும் ஸ்கேலை வெளியே எடுக்கவில்லை. இது கணக்குப் பீரியட் இல்லையே டீச்சர் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மெஷின் முன்னால் வந்து நின்றாள்.

"பிள்ளைங்க தலைய ஆறு டப்பாவாப் பிரிச்சு வச்சிருக்கோம்டீ. ஒண்ணத் திறந்தா இன்னொண்ண மூடிடுதுங்க."

அதற்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். பூப்போடாத பெரிய பெட்ஷீட் ஒன்று வேண்டும் என்றாள். ஆறு கலரில் நூல்கண்டும் சேர்த்துத் தரவா என்று கிண்டலாகக் கேட்டு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அந்த வருஷக் கோடை லீவு முழுக்க என் முன்னறையில் நடக்க இடமில்லை. பெட்ஷீட்டைத் தரையில் விரித்து, ஐந்து வகுப்புக்கு ஐந்து வரிசையாகக் கட்டம் போட்டாள். பத்து வாரத்துக்கு ஒரு பொருள், எல்லா வகுப்புக்கும் அதே பொருள். முதலில் தண்ணீர், அப்புறம் ரொட்டிக்கடை, அப்புறம் பஸ். கணக்குக்குச் சிவப்பு நூல், மொழிக்கு நீலம், அறிவியலுக்குப் பச்சை. ஊர், தெரு, வரைபடத்துக்கு மஞ்சள். படமும் பாட்டும் ஊதா, விளையாட்டு கறுப்பு. எந்த நூலும் எந்தக் கட்டத்தையும் தொடாமல் போகக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். மற்ற நாலு டீச்சர்களையும் வீட்டுக்கு வரவழைத்து, அவரவர் வரிசையை அவரவரே தைக்கவேண்டும் என்றாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் அதற்குமுன் ஊசியைத் தொட்டதே இல்லை. அவருடைய தையலை இரண்டு முறை பிரித்துப் போட்டேன்.

தலைமையாசிரியர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். சரி, ஒரு வருஷம் நடக்கட்டும் என்று தலையைச் சொறிந்துகொண்டே சம்மதித்து, பெட்ஷீட்டைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டவும் விட்டார்.

நடந்தது. ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளியை வைத்து, எத்தனை நிமிஷத்தில் நிறைகிறது என்று மூன்றாம் வகுப்பு கணக்குப் போட்டது. நாலாம் வகுப்பு தண்ணீர் ஆபீசுக்குக் கடிதம் எழுதியது. குழாய் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று ஐந்தாம் வகுப்பு நடந்துபோய் வரைந்துகொண்டு வந்தது. சொட்டுகிற தாளத்துக்கு ஒன்றாம் வகுப்பு பாட்டுக் கட்டியது. மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகள் வீட்டுக் குழாய்க்கும் டம்ளர் வைத்து, சமையல்கட்டில் என்னைப் பாத்திரம் கழுவ விடவில்லை. கையெழுத்து மோசம்தான், ஆனால் வாய் ஓயவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

வருஷக் கடைசியில் எல்லாப் பள்ளிக்கும் பொதுவான டெஸ்ட் வந்தது. அதில் வகுத்தல் கணக்கு பத்து. மூன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொருவரும் அதில் முட்டை. என் மகள் முதல் கணக்குக்குப் பக்கத்தில், 'இந்தக் கோடும் ரெண்டு புள்ளியும் என்ன?' என்று எழுதிவைத்திருந்தாள்.

நான் விடவில்லை. ஊர்ப் பிள்ளைகளை வைத்து விளையாடியது போதாதென்று என் பிள்ளையையும் கெடுத்துவிட்டாய் என்று கத்தினேன். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சுவரில் இருந்த பெட்ஷீட்டை எடுத்துவந்து விரித்தாள். சிவப்பு நூலின்மேல் விரலை வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்றாம் வரிசையைத் தேடினாள். ரொட்டியைப் பங்கு போட்டிருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சமமாக அணி பிரித்திருக்கிறார்கள். வாளித் தண்ணீரைக் குவளைகளுக்குப் பிரித்திருக்கிறார்கள்.

"எல்லாக் கட்டத்துலயும் வகுத்தல் இருக்குடீ. அதனாலயே ஒரு கட்டத்துலயும் எழுதாம விட்டுட்டேன். குறியக்கூடக் காட்டல."

அவளுக்கு அவமானமாக இருந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

மறுநாள் ஒரே பீரியடில் குறியைச் சொல்லிக்கொடுத்து, அதே பத்துக் கணக்கைத் திரும்பக் கொடுத்தாள். முப்பத்தொருவரில் இருபத்தெட்டுப் பேர் பத்தும் சரி. அந்தத் தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டுதான், அந்த டெஸ்டுக்காகப் பள்ளிக்கூடத்தில் கூட்டிய கூட்டத்துக்கு வந்தாள்.

கூட்டத்தில் கல்வி அதிகாரி இருந்தார். தலைமையாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பெற்றோர் இருபது பேர் பெஞ்சில். மேஜைமேல் ஒரு காகிதம் தயாராக இருந்தது. பெட்ஷீட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். பாடத்துக்குப் பாடம் தனிப் பீரியட். படம், பாட்டு, விளையாட்டு நேரத்தை எடுத்துக் கணக்குக்குக் கொடுக்கவேண்டும். ஐந்து டீச்சரும் கையெழுத்துப் போடவேண்டும், போடாதவர் வேறு பள்ளிக்கு மாறவேண்டும். அக்கா கொண்டுவந்த தாள்களை அதிகாரி தொடவே இல்லை. டெஸ்டுக்கு அப்புறம் எழுதியது ரெக்கார்டில் சேராதாம்.

சுவரில் திரும்ப மாட்டியிருந்த பெட்ஷீட்டை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு பாடத்திட்டமா, தையல் வேலையா?"

நானும் முட்டை வாங்கிய பிள்ளையின் அம்மா, அக்காவுக்கு எதிராகத்தான் பேசுவேன் என்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்தேன்.

"நான் தையல்காரி சார். சட்டையில பட்டனுக்கு ஒரு காஜா விட்டுப்போச்சுன்னா, காஜா போடுவேன். சட்டையக் கிழிச்சுப் போட மாட்டேன்."

பெஞ்சில் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை அக்கா பக்கம் நகர்த்தினார்.

"தப்பு என்னோடது சார்," என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. "எனக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க. படமும் பாட்டும் விளையாட்டும் ஒரு தப்பும் பண்ணல. அதுங்களுக்குத் தண்டனை குடுக்கற பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மற்ற நாலு பேரும் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லக்கூடாது என்றாள் அக்கா. நான் சொல்லுவேன், எனக்கென்ன?

ஆனால் ஒன்றாம் வகுப்பு டீச்சரை மட்டும் இப்போது சொல்வதில்லை. சுவரிலிருந்து எடுக்கத்தானே உத்தரவு என்று, பெட்ஷீட்டைத் தன் அறை ஜன்னலில் திரைச்சீலையாக மாட்டிவிட்டார் அந்த அம்மாள். அவருடைய பிள்ளைகள் இப்போதும் குழாய்க்குக் கீழே வாளி வைக்கிறார்கள்.

பத்து நாளில் அக்காவுக்கு மாறுதல் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். உத்தரவைப் படித்து மடித்துப் பையில் வைத்துவிட்டு, இன்னொரு பெட்ஷீட் இருக்கிறதா என்று கேட்டாள். கடையில் வாங்க நேரமில்லை. என் கட்டிலில் இருந்ததை உருவிக் கொடுத்தேன்.

தரையில் விரித்து உட்கார்ந்தாள். தண்ணீரும் ரொட்டியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, முதலில் மூன்றாம் வகுப்புக் கட்டத்தில் ஒரு கோடும் இரண்டு புள்ளியும் சிவப்பு நூலில் தைக்க ஆரம்பித்தாள். இரட்டை நூலாகக் கோத்துக் கொடுத்தேன். தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி அவ்வளவு பெரிதாகத் தைத்தாள்.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேற அதிகாரியாக்கா?" என்று கேட்டேன்.

"அதே ஆள்தான்," என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.