தீர்வு பீம்ராவ்

பீம்ராவ் கண்ணை மூடினால் போதும், செங்கொடி அடுக்களையில் ஒரு பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள். கை தவறிவிட்டது என்பாள். தினமும் விடியும் நேரத்தில் அதே அலுமினியக் குண்டான் எப்படிக் கை தவறும் என்று கேட்க அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. பீம்ராவும் கேட்பதில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் கிடைத்த சந்தில் பாயை நாலாக மடித்துப் போட்டு, தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருப்பார். மூச்சு மூக்கு நுனியில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். குண்டான் உருளும்போது இடது புருவம் மட்டும் ஏறி இறங்கும். அவருடைய கோபம் அவ்வளவுதான்.

"குந்திட்டாரு மகான்," என்பாள் செங்கொடி, சுவரிடம். "வாசல்ல தண்ணி லாரி வந்து நின்னுகினு கீது. கொடத்த யாரு தூக்குவா? சொவரா?"

மூச்சைக் கவனிப்பதற்கு அவர்கள் குடியிருந்த மாத்தூரைப் போலத் தோதான இடம் வேறு கிடைக்காது. மற்ற ஊர்களில் காற்று வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இங்கே ஒவ்வொரு மூச்சும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரும். மணலி எண்ணெய் ஆலைப் பக்கம் இருந்து காற்று திரும்பினால் அழுகின முட்டை. கொஞ்சம் விலகி அடித்தால் மண்ணெண்ணெய். மழைக்கு முந்தின நாள் நாக்கில் துரு தடவினாற்போல ஒன்று வரும். அது பீம்ராவ் உழைத்த சாயப்பொடி கம்பெனியின் வாடை. அந்த வாடை வந்தால் மட்டும் அவர் மூச்சை எண்ணாமல் வெறுமனே உட்கார்ந்திருப்பார்.

கம்பெனியில் அவருக்கு மூட்டை கட்டும் பிரிவில் வேலை. பொடி மஞ்சள் நிறம். காது மடிப்பிலும் நகக்கண்ணிலும் அது நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. தலையணை உறையில் அவர் தலை படும் இடம் எத்தனை துவைத்தாலும் வெளுக்காது. கம்பெனிச் சுவரை ஒட்டிய தெருவில் காலையில் வெள்ளைக் கோலம் போட்டால் மத்தியானத்துக்குள் மஞ்சளாகிவிடும். "மங்களகரமா கீது, வுடு," என்று பீம்ராவ் சொல்லிப் பார்த்திருக்கிறார். யாரும் சிரித்ததில்லை.

தியானம் அவருக்குக் கம்பெனி தந்த சீர். தொண்ணூற்றொன்பதில் தொழிலாளர்களுக்கு மன அமைதி தேவை என்று நிர்வாகத்துக்குத் திடீரென்று தோன்றியது. போனஸ் பேச்சு முறிந்ததும் அதே வருஷம்தான். வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர் டேப் ரெக்கார்டரோடு கேன்டீனுக்கு வந்து, எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். "பிரச்சினையைப் பார்த்தால் பிரச்சினை வளரும். தீர்வைப் பார்த்தால் தீர்வு வளரும். மூச்சு அடங்கட்டும், தீர்வு தானாக மேலே வரும்," என்றார். போண்டாவுக்காக வந்த கூட்டம் குறட்டை விட்டுத் தூங்கியது. பீம்ராவ் மட்டும் பக்கத்தில் இருந்தவன் காதில், "நம்ம புத்தரு கண்டுபுட்ச்சத நம்மகிட்டயே கொணாந்து விக்கிறான் பாரேன்," என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடினார். வியாசர்பாடியில் சின்ன வயதில் அவருடைய அப்பா ஞாயிறு தவறாமல் அவரைப் புத்த விகாரைக்கு இழுத்துக்கொண்டு போனவர். அங்கே பிடிபடாத மூச்சு இந்தக் கேன்டீனில், எண்ணெய்ச் சட்டி வாசனைக்கு நடுவில் பிடிபட்டது. எது எங்கே கிடைக்கும் என்று யார் கண்டது.

அதுவரை பீம்ராவ் குடிகாரர். சும்மா குடிப்பவரும் இல்லை, குடித்துவிட்டுக் கை நீட்டுபவர். உட்கார ஆரம்பித்த பிறகு முதலில் கை நின்றது, பிறகு குடி நின்றது. செங்கொடி அதை மறக்கவில்லை. அதனால்தான் குண்டானோடு நிறுத்திக்கொள்கிறாள்.

தெருவில் அவருக்குப் பெயர் 'தீர்வு'. பிரச்சினை என்ற சொல்லை அவர் வாயால் சொல்ல மாட்டார். யாராவது புலம்பிக்கொண்டு வந்தால் கையை உயர்த்தி நிறுத்துவார். "சரி, மேட்டரு கெடக்கட்டும். அத்தயே சுத்தி சுத்தி வராத. இப்ப இன்னா பண்லாம், அத்த சொல்லு." சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொள்வார். சைக்கிள் கடை ரஷீதுக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் சாக்கடைத் தகராறு முற்றிக் கடப்பாறை வரை போனபோது, இரண்டு பேருக்கும் நடுவில் அப்படித்தான் நின்றார். அடிக்க ஓங்கியவர்களுக்கே சங்கடமாகிவிட்டது. கண்ணைத் திறந்தவர் ரஷீது கையிலிருந்த கடப்பாறையை வாங்கி, சாக்கடையை வேறு பக்கம் வெட்டத் தொடங்கினார். "மாமு கண்ண மூடுனா நமக்கு வெளிச்சம் வருது," என்று ரஷீது இன்றைக்கும் வாடிக்கையாளர்களிடம் சொல்லுகிறான்.

ஊருக்கெல்லாம் வழி சொன்னவருக்குச் சொந்த வீட்டில்தான் முட்டியது. செங்கொடிக்கு இளைப்பு நோய்.

செங்கொடியின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், சங்கத்துக்காரர். மைக் இல்லாமல் கேட் மீட்டிங் பேசுவார் என்று ராயபுரத்தில் பேர் வாங்கியவர். மகளுக்குப் பெயரையும் தொண்டையையும் அவர்தான் கொடுத்துவிட்டுப் போனார். அவள் குழாயடியில் குரல் கொடுத்தால் தெருக்கோடி நாய் எழுந்து நிற்கும். மாத்தூருக்கு வந்து சில வருஷங்களில் அந்தத் தொண்டைக்குள் ஒரு விசில் சத்தம் சேர்ந்தது. இப்போது ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு, கழுத்துக் குழி உள்வாங்க மூச்சை இழுத்துவிட்டுத்தான் மீதியைச் சொல்ல முடிகிறது. பாத்திரத்தை உருட்டுவது ஒரு வகையில் சிக்கனம். திட்டுவதற்கு மூச்சு வேண்டுமே.

பீம்ராவ் தினமும் உட்கார்ந்தார். தீர்வு வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக. ஜன்னலில் ஈரக்கோணி தொங்கவிட்டார். கொசுவர்த்தியை நிறுத்தினார். ஸ்டவ்வைப் பின்பக்கம் கொண்டுபோனார். தன் உடம்பில் ஒட்டிய பொடி வீட்டுக்குள் வரக் கூடாது என்று, வேலை முடிந்ததும் ரஷீது கடைக்குப் பின்னால் டிரம்மில் தண்ணீர் பிடித்துக் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வருவார். மார்கழியிலும் அப்படித்தான். கடைசியில் ஜன்னலையே பழுப்பு டேப் போட்டு ஒட்டிவிட்டார். வீடு குடோன் மாதிரி இருண்டது. வெளியே போக முடியாத வாடை உள்ளேயே தங்கிவிட்டது.

"எல்லாத்தையும் வூட்டுக்குள்ளயே தேடுற," என்றாள் செங்கொடி. மூச்சு வாங்கியது. காத்திருந்தார். "ஜன்னல அடைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு... அந்தப் பொகக் கூண்ட அடைக்கத் தெரியலயா?"

"அது நம்ம கையில கீதாமே? நம்ம கையில இன்னா கீதோ அத்த பாப்போம்."

"இத்த ஒனக்கு சொல்லிக் குட்த்தவன்... யாரு? அவன்தான. பொகய வுடுறவன்."

பீம்ராவுக்கு அன்று புருவம்கூட ஏறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மருந்து இனிமேல் பாதிதான் கேட்கும், இந்தக் காற்றில் செங்கொடி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் பீம்ராவ் வழக்கத்தைவிட நெடுநேரம் உட்கார்ந்தார். எழுந்ததும் முகத்தில் தெளிவு. அரக்கோணத்தில் தன் அண்ணன் வீட்டுக்கு அவள் போய்விட வேண்டியது, இவர் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய்ப் பார்த்து வர வேண்டியது.

"நான் போய்ட்டா மேட்டரு முட்ஞ்சிச்சா?" என்றாள் செங்கொடி. "பக்கத்து வூட்டு அஜீசா கொயந்தைக்கும்தான் இளைக்குது. அத்த எந்த ஊருக்கு அனுப்புவ நீ?"

இதற்கும் பீம்ராவ் ஒரு தீர்வு வைத்திருந்தால் நான் இவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

போன மாதத்திலிருந்து பீம்ராவ் காலையில் உட்கார்ந்து எழுந்தால் போவதற்கு இடம் இல்லை. விசாரணை முடியும்வரை உள்ளே வர வேண்டாம் என்று கம்பெனி கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். விசாரணை எப்படி முடியும் என்பது கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். குழந்தையில்லாத வீடு, ஒற்றைச் சம்பளம், அதை நம்பித்தான் அடுப்பும் எரிந்தது, அவள் மருந்தும் வந்தது. அந்தச் சம்பளத்தைக் காப்பாற்றத்தான் இத்தனை வருஷம் ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். கம்பெனி இரண்டாவது புகைக்கூண்டு கட்டப்போவதாகவும், ஊர்க்காரர்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்றும் அறிவிப்பு வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். கூண்டுக்கு அஸ்திவாரம் ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது, அது வேறு விஷயம். நாள் நெருங்கியபோது பர்சனல் அதிகாரி பீம்ராவைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "பாசிட்டிவா பேச உங்களை விட்டா யாரு இருக்கா? எவனாவது பிரச்சினைன்னு எந்திரிச்சா, எல்லாத்துக்கும் தீர்வு இருக்குன்னு நீங்க எந்திரிச்சு சொல்லணும்," என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "வீட்ல இருந்து யாரும் கூட்டத்துக்கு வர மாட்டாங்கல்ல?" என்று கேட்டார்.

"வரமாட்டாங்க சார்," என்றார் பீம்ராவ்.

வீட்டில் அவர் வாயைத் திறக்கவில்லை. செங்கொடி அதற்குள் கேள்விப்பட்டிருந்தாள். "ஒன் வாயி, ஒன் பேச்சு. பேசு," என்றாள். "என் வாய வாடகைக்குக் கேக்காத."

மண்டபத்தில் முன் வரிசை முழுக்கத் தொழிலாளர்கள். மேடையில் அதிகாரிகள். ஊர்க்காரர்களுக்குப் பின்னால் இடம். சாப்பாட்டுக் கூடத்தில் இருந்து பிரியாணி வாசனை கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. பீம்ராவைப் பழக்கம் எங்கே விடும், கண்ணை மூடி மூக்கு நுனிக்குப் போனார். பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். கம்பெனி வந்ததால்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள் என்று ஒருவர் சொல்ல, கைதட்டல் எழுந்து அடங்கியது.

அப்புறம் மைக்கில் குரல் வரவில்லை. மூச்சு வந்தது.

யார் என்று பார்க்க அவர் கண்ணைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அடுக்களையில் சின்னதாகக் கேட்டுப் பழகிய விசில் சத்தம் மண்டபத்தின் எல்லா ஸ்பீக்கரிலும் ஏறி, சுவருக்குச் சுவர் மோதியது. "என் பேரு செங்..." என்றது. நின்றது. இழுத்தது. மறுபடியும், "என் பேரு..." என்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடையில் இருந்து, "அம்மா, முடியலன்னா உக்காருங்க. அடுத்தவங்க வரட்டும்," என்று ஒரு குரல் அன்பாகவே சொன்னது.

மூடிய கண்ணுக்குள் தீர்வுகள் வழக்கம்போல வரிசையாக வந்தன. போய் அவளைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப் போகலாம். விசிறலாம். தண்ணீர் கொடுக்கலாம். ஆட்டோ பிடிக்கலாம். எல்லாமே நல்ல தீர்வுகள். எல்லாமே அவளை அந்த மைக்கில் இருந்து அப்புறப்படுத்துகிற தீர்வுகள். அது உறைத்தபோது பீம்ராவுக்கு உடம்பு கூசியது. ஜன்னலை ஒட்டியதும், அரக்கோணத்துக்கு ரயில் பார்த்ததும் இதே காரியம்தானே என்று நினைத்தார். மூச்சு மட்டும் ஏனோ சீராகப் போய் வந்துகொண்டிருந்தது.

கண்ணைத் திறந்து எழுந்தார். முன் வரிசையைத் தாண்டி அவர் வருவதைப் பார்த்ததும் வரிசை ஓரத்தில் இருந்த பர்சனல் அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. புருஷன் வந்துவிட்டான், அழைத்துக்கொண்டு போய்விடுவான் என்று தானே நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். பீம்ராவ் அவள் இடுப்புப் பையில் இருந்த உறிஞ்சும் மருந்தை எடுத்துக் கொடுத்தார். அவள் இரண்டு முறை இழுத்துக்கொண்டாள். இன்னும் பேச்சு வரவில்லை. மேடையில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அதை அடுத்தவரிடம் கொண்டுபோகக் கையை நீட்டினான். பீம்ராவ் அதற்கு முன்னால் மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் செங்கொடியின் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றார்.