டேப்பில் இருந்த தேதி

அலுவலகத்தில் அவளுக்கு டேப் அக்கா என்றுதான் பேர். எந்த ஒயரைச் சொருகினாலும் நுனியில் வெள்ளை டேப் சுற்றி, இன்ன ஒயர், இன்ன தேதி என்று எழுதாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பார்சல் கம்பெனியின் கிளைகளையெல்லாம் இணைக்கும் ரவுட்டரை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவள்.

போன மாதம் எவனோ அதற்குள் புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டான். பாஸ்வேர்ட் தெரிந்தது இரண்டே பேருக்கு. அவளுக்கும், கூடவே வேலை பார்த்த தங்கை புருஷனுக்கும். "நான் தொடல சார். மிச்சம் யாருன்னு நீங்களே பாத்துக்குங்க" என்று மேனேஜரிடம் வாய் கூசாமல் சொன்னாள். தங்கை புருஷனுக்கு வேலை போயிற்று. தங்கை இவளிடம் முகங்கொடுத்துப் பேசி ஒரு மாதமாகிறது.

வெளியிலிருந்து போன் போட்டு ரவுட்டருக்குள் நுழைய ஒரு மோடம் உண்டு; அதன்பின் யாரும் தொடாத அதை இன்று சோதிக்க உட்கார்ந்தாள். பக்கத்து அறையிலிருந்து போன் லைன் வழியாகக் கூப்பிட்டு, பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனாள். நடுவில் லைன் அறுந்தது. மறுபடி கூப்பிட்டாள்.

பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை! நேரே உள்ளே விட்டது.

"ஐயையோ, இதென்ன கூத்து!"

ஓடிப்போய் ரவுட்டரின் பின்னால் குனிந்தாள். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள். ஒன்று பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டுகிற டெர்மினலுக்கு, மற்றது மோடத்துக்கு. டெர்மினல் ஓட்டையில் மோடத்தைச் சொருகினால், லைன் அறுந்தது ரவுட்டருக்குத் தெரியாது. அடுத்துக் கூப்பிடுகிற எவனும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மோடம் அதில்தான் இருந்தது. ஒயரின் டேப்பில் இருந்தது, எல்லாம் அழிந்த நாளுக்கு முந்தைய நாள் தேதி. எழுத்து அவளுடையது.

அன்று வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் டெர்மினலைக் கழற்றி, அதே ஓட்டையில் மோடத்தைச் சொருகியவள் அவள்தான். வீட்டிலிருந்து கூப்பிட்டு, பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனபோதும் லைன் அறுந்தது. அவள் திறந்து விட்ட அந்த வழியில்தான் எவனோ புகுந்திருக்கிறான். அடிப்பாவி! தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும், சரி. இவள் சறுக்கியதில் விழுந்தது தங்கை குடும்பம்.

பிடுங்கி மாற்றிச் சொருக இரண்டு வினாடி போதும். ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. கை ஒயர்வரை போயும்விட்டது.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மேனேஜரை அழைத்து வந்து, நடந்ததைச் சொல்லி, குனிந்து டேப்பைப் பார்க்கச் சொன்னாள்.

"இது உங்க எழுத்தாச்சே!"

"ஆமா சார். தங்கச்சி புருஷனுக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்க. ஒயரை அவரே வந்து மாத்தட்டும்" என்றவள், கைப்பையிலிருந்த டேப் சுருளை ரவுட்டர் மேல் வைத்தாள்.