முன்வாசல் வழியாக ஒரு பீரோ

அவனை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவோம். பெயிண்டர். ஆள் நெட்டை. அது போதாதென்று தோளில் எந்நேரமும் ஒரு ஏணி. தெருமுனையில் முதலில் ஏணியின் நுனி தெரியும், அப்புறம் இவன் தலை தெரியும், மற்றதெல்லாம் சாவகாசமாக வந்து சேரும். நான் குழாய் வேலை பார்க்கிறவன். பழுது பார்க்கிற வீடுகளில் நான் சுவரை உடைத்துப் பாழாக்குவேன், அவன் பின்னாலேயே வந்து பட்டி பார்த்து மறைப்பான். வேலைக்கு வேலை என்னைத் திட்டியே பழகியவன் ஒருநாள் மச்சான் என்றான். அதிலிருந்து நான் மச்சான்தான். அவன் வீட்டுக்காரி என்னை அண்ணே என்பாள்.

சொந்தமென்றால் ரத்தத்தில் இல்லை. அது பார்த்தாலே தெரியும். அவன் தாத்தா காலத்தில் ரோடு போட ஆள் வேண்டுமென்று கடல் தாண்டிக் கூட்டிவந்த ஜனம் அவர்கள். நல்ல கறுப்பு, சுருண்ட முடி. ரோடு போட்டு முடித்து, அதே ரோட்டில் மூன்று தலைமுறை நடந்தும் ஆயிற்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், எங்கள் பேச்சைப் பேசுகிறார்கள், எங்களைவிட நன்றாகத் திட்டவும் செய்கிறார்கள். ஊர் வாயில் மட்டும் இன்னும் ‘அந்த ஆளுங்க’தான்.

இது எங்கே உறைக்கும் என்றால், வீடு தேடும்போது உறைக்கும். ஏணி குடியிருந்த கட்டிடத்தை யாரோ வாங்கி இடிக்கப் போகிறார்கள். சனிக்கிழமைக்குள் காலி பண்ண வேண்டும். பொண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள், ஒரு இரும்பு பீரோ. இவ்வளவையும் வைக்க ஓர் இடம் வேண்டும். தினமும் வேலை முடிந்து போன் போடுவான். வீடு காலி என்பார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு போய் நிற்பான். இப்பத்தானே முடிஞ்சுது என்பார்கள். போனில் காலியாக இருக்கிற வீடு இவன் முகத்தைக் கண்டதும் நிரம்பிவிடும். அப்படி எத்தனை வீடு நிரம்பியதோ, எனக்கே கணக்கு விட்டுப் போயிற்று.

அந்த வாரம் நாங்கள் இருவரும் ரிட்டையரான பேங்க்காரர் ஒருவரின் வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். மாடியில் ஒரு நர்ஸம்மா குடியிருந்தார். கீழ்ப்பகுதி காலி. கேட்டில் ‘வாடகைக்கு’ என்று போர்டு தொங்கியது. சாவியை பேங்க்காரர் ஏணியிடம்தான் கொடுத்திருந்தார். காலையில் அவன் திறப்பான், சாயங்காலம் அவன் பூட்டுவான்.

வேலை தொடங்கிய அன்றே அவரிடம் கேட்டும் பார்த்தான்.

“சார், இந்த வீட்டை எனக்கே குடுத்தீங்கன்னா…”

“எனக்கு ஒண்ணுமில்லப்பா. அக்கம்பக்கத்துல ஒத்துக்க மாட்டாங்க. உனக்கே சங்கடம்.”

தலையை ஆட்டிவிட்டு அவன் ஏணியில் ஏறிவிட்டான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. பூட்டின வீட்டுக்குள் இவனைத் தனியாக விட்டுப் போகப் பயமில்லை, இவன் பாயை விரித்துப் படுத்தால் மட்டும் பயம். என்ன நியாயமோ.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்காரியிடமிருந்து போன். ஏணி உச்சியில் நின்றபடியே பேசினான்.

“ஆமா… நல்ல வீடுதான். பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருக்கேன்… சாவி என்கிட்டதான் இருக்கு… சரி, வைக்கிறேன்.”

பெயிண்டருடைய பேச்சு அது. கையில் இருக்கிற வேலைதான் அவனுக்கு வீடு. எனக்குக்கூட ஒன்றும் உறுத்தவில்லை. ஆனால் நாளைக்குத் தெருவுக்கு வரப்போகிற ஒருத்தி காதில் அது எப்படி விழும்?

சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில் ஏணியின் வீட்டுக்காரி. பின்னால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இரண்டு பெண்கள். பெரியவள் தினமும் அப்பனுக்கு இங்கேதான் சாப்பாடு கொண்டுவருவாள், அவள்தான் வழி காட்டியிருக்கிறாள். வண்டி நிற்பதற்குள் குதித்து உள்ளே ஓடி வந்தார்கள்.

“அப்பா, ஜன்னல் இருக்கிற ரூம் எனக்கு.”

“ஆளப் பாரு, மொதல்ல பாத்தது நானு.”

ஏணி மேலே பிரஷோடு அப்படியே நின்றுவிட்டான். பெயிண்ட் சொட்டி என் தோளில் விழுகிறது, அவனுக்குத் தெரியவில்லை.

“இறங்கி வந்து சொல்லுடா,” என்றேன் மெதுவாக.

“என்னன்னு சொல்ல மச்சான்?”

அதற்குள் அவள் பாத்திரக் கூடையைச் சமையலறையில் வைத்துவிட்டுக் கூவினாள். “அண்ணே, மரம் மாதிரி நிக்காதீங்க. பீரோவுக்கு ஒரு கை குடுங்க. உங்க மச்சான் அங்கேயே குடும்பம் நடத்தட்டும்.”

நான் என்ன செய்வது? கை கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த பீரோவைத் தூக்கும்போது என் நெஞ்சு அடித்த அடி பீரோ கதவுக்கே கேட்டிருக்கும். ஒரு பக்கம் உதறல். இன்னொரு பக்கம், எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, ஒரு குஷி. நடக்கட்டுமே, என்னதான் ஆகிறது பார்ப்போமே என்று.

பீரோ முன்வாசல் நிலையில் வசமாக மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மாடி நர்ஸம்மா டியூட்டி முடிந்து வந்தவர், இதைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

“கொஞ்சம் சாய்ங்க. இதைவிட குண்டான நோயாளியெல்லாம் புரட்டியிருக்கேன்.”

அவர் ஒரு தள்ளு தள்ளினார். பீரோ அசைந்தது. அந்த நேரம் பார்த்து கேட்டில் பேங்க்காரர்.

“என்னப்பா நடக்குது இங்க?”

ஏணி இறங்கி ஓடி வந்தான். “சார், அது… வீட்டுல தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. நான் சொல்லிடறேன் சார்.”

வீட்டுக்காரி அவன் முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது. முகம் ஒரு நிமிஷம் செத்துப்போயிற்று. ஆனால் பீரோவிலிருந்து கையை எடுக்கவில்லை.

“வீடு எங்களுக்கு இல்லையா சார்?”

“உன் புருஷன்கிட்ட அன்னிக்கே சொன்னேனே. அக்கம்பக்கத்துல ஒத்துக்க மாட்டாங்க.”

நர்ஸம்மா பீரோவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “எந்த அக்கம்பக்கம் சார்? இந்த வீட்டுல பக்கம்னு இருக்கிறது நான் ஒருத்திதான். என்னை யாரும் கேக்கலையே.”

பேங்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்ல வேண்டியதை இனிமேல் அவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அது மனுஷனுக்கு வரவில்லை. தெருவில் இரண்டு மூன்று தலைகள் வேறு தெரிய ஆரம்பித்தன.

“சரி,” என்றார் கடைசியில். “பொம்பளைப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க. இருந்துக்குங்க. ஆனா உங்க ஆளுங்க வரப்போக இருக்கக் கூடாது. மொட்டை மாடிக்குப் போகக் கூடாது. முன்வாசலும் வேண்டாம். பின்னால சந்து வழியா ஒரு கதவு இருக்கு.”

ஏணிக்கு உயிர் வந்துவிட்டது. “சரிங்க சார், அப்படியே இருக்கோம் சார்” என்று கும்பிடவே போனான். அவன் கையை அவள் பிடித்து இறக்கினாள்.

“நர்ஸக்கா, உங்களுக்கும் சந்து வழிதானா?”

“எனக்கென்ன தலையெழுத்து? முன்வாசல்தான்.”

“உங்க சொந்தக்காரங்க வருவாங்களா?”

“வாராவாரம். துரத்தினாலும் போக மாட்டாங்க.”

“அப்ப எங்களுக்கும் அதேதான் சார்,” என்றாள். “அதோட அந்தச் சந்துல எங்க பீரோ நுழையாது.”

நான் சிரித்துவிட்டேன். ஏணி அவள் காதில் கெஞ்சினான். “ராத்திரி எங்கடி படுப்போம்? சரின்னு சொல்லித் தொலையேன்.”

“எங்கேயாவது படுப்போம். திருடன் மாதிரி பின்பக்கமாப் போய்ப் படுக்க மாட்டேன். பிள்ளைங்க அதைப் பாத்து வளர வேண்டாம்.”

லாரிக்காரன் பொறுமை இழந்து ஹாரன் அடித்தான். “இறக்கணுமா, ஏத்தணுமா? எனக்கு அடுத்த வாடகை இருக்கு.”

அவள் பேங்க்காரரைப் பார்த்தபடியே அவனுக்குப் பதில் சொன்னாள். “அவரைத்தான் கேக்கணும். முன்வாசல்னா இறக்குங்க. சந்துன்னா ஏத்துங்க.”

இரண்டு பெண்களும் ரூம் சண்டையை விட்டுவிட்டு அம்மா பின்னால் வந்து ஒட்டி நின்றார்கள். பேங்க்காரர் கேட்டுக்குப் போனார், திரும்பி வந்தார், நிலையில் மாட்டிய பீரோவை இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் பார்த்தார். அவர் மனசு மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது சந்து என்கிற அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

“வாடகை அஞ்சாம் தேதி வந்துடணும்,” என்றார்.

“மாடிக்கும் அஞ்சாம் தேதிதானா சார்?”

“ஆமாம்மா. ஆமாம்.”

“இறக்குங்க,” என்றாள் அவள்.

நர்ஸம்மாவும் நானும் சேர்ந்து ஒரே தள்ளு. நிலையில் ஏணி அடித்திருந்த பெயிண்டை நீளமாகச் சுரண்டிக்கொண்டு பீரோ உள்ளே போய் நின்றது. பெண்கள் கத்திக்கொண்டு ஜன்னல் ரூமுக்கு ஓடினார்கள். சின்னவள்தான் ஜெயித்தாள்.

பேங்க்காரர் போர்டைக் கழற்றி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டப் போனார்.

“சார், ஒரு நிமிஷம்.”

கூப்பிட்டது ஏணி. இவ்வளவு நேரம் சார் சார் என்று குழைந்தவன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடிவந்ததைக் கெடுத்துவிடுவானோ? அவர் திரும்பினார்.

“சமையலறைக் குழாய் ஒழுகுது சார். குடியிருக்கிறவங்க சொன்னா சரிபண்ணிக் குடுப்பீங்கதானே?”

பேங்க்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அத்தனை கோபத்தையும் சேர்த்து என் பக்கம் திரும்பினார்.

“குழாய்க்காரன் நீதானே? பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற. போய்ப் பாரு.”

ஸ்பானரை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.