இருபது என்ற சுவர்

அணுக்கருக் கணக்குப் போடுகிறவனுக்கு வேலை ஒன்றுதான்: ஒரு நொடிகூடத் தரிக்காத பொருளைப் பற்றி ஆயுள் பூராவும் அடித்துக்கொள்வது. புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்தேன். மேலே இருக்கிறவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் காலம் தள்ளியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

பூட்டு

அணுக்கருவுக்குள் நியூட்ரான்கள் கூடு கூடாக அடங்கும். எட்டு, இருபது என்று சில எண்களில் கூடு நிரம்பி, கரு கெட்டிப்படும். மாய எண்கள் என்பார்கள். நியூட்ரான் மிதமிஞ்சிய கருவில் இந்த விதி ஆட்டம் காணும்.

ஆக்சிஜன்-28இல் சரியாக இருபது நியூட்ரான். அங்கே இருபது சுவராக நிற்குமா? நிற்கும் என்பது எங்கள் குழுவின் முடிவு. கணினிக்குச் சுமை என்று, இருபதுக்கு மேலுள்ள கூடுகளை அடைத்துவிட்டே கணக்குப் போடுவோம். பிறகு, எந்த நியூட்ரானும் மேலே போகவில்லை என்று கட்டுரை எழுதுவோம். கோயம்புத்தூரிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்திருந்த மாலதி கேட்டாள்: “ஏனுங்க சார், பூட்டினது நாமதானுங்களே?”

வரிசை

அவள் மேல்கூடுகளைத் திறந்துவிட்டுக் கணக்குப் போட்டாள். கணினி வாரக்கணக்கில் ஓடியது. மற்றவர்கள் வேலையெல்லாம் வரிசையில் கிடந்தது. விடை வந்தது: அங்கே சுவரே இல்லை, நியூட்ரான்கள் மேல்கூட்டுக்குத் தாராளமாக ஏறுகின்றன. விடையை ஒருவரும் படிக்கவில்லை. கணினி அறை ஜோஷி மட்டும் டீயை உறிஞ்சிக்கொண்டே ஹிந்தியில் கேட்டான்: “மேடம், உங்க ஆக்சிஜன் முடியற வரைக்கும் நாங்க மூச்சைப் பிடிச்சுக்கணுமா?”

மூன்று பேர்

அவள் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று தேர்வுக்குழுவில் மூன்று பேர் உட்கார்ந்தோம். அவள் கணவனுக்கு அப்போது வேலை போயிருந்தது. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. நீட்டிக்கலாம் என்றேன். மற்ற இருவரும் வேண்டாம் என்றார்கள். அவர்களில் ஒருவரான எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர் கோப்பை மூடினார்: “சோதனையில் நிரூபணம் ஆகட்டும், அப்புறம் கூப்பிட்டுக்கலாம்.”

நிரூபணம்

ஆனது. சில வருஷம் கழித்து, வெளிநாட்டில் அந்தக் கருவை உண்டாக்கிப் பார்த்துவிட்டார்கள். பிறந்த கணமே நான்கு நியூட்ரான்களை உதிர்த்துவிட்டு ஆக்சிஜன்-24 ஆனது. இருபதில் சுவர் இருந்ததற்கு அடையாளம் இல்லை. சுவர் இல்லை என்பது எங்கள் குழு முன்பே சொன்னதுதான் என்று தலைவர் கருத்தரங்கில் பேசினார். மாலதியின் பெயர் வரவில்லை. இப்போது கூப்பிடலாமே என்று அவரிடம் போய்க் கேட்டேன். “வயது வரம்பு தாண்டிட்டாங்களே.”

பிம்ப்ரி

மாலதியைப் பார்க்க, புனேயை ஒட்டிய பிம்ப்ரிக்கு மெட்ரோ ஏறிப் போனேன். நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்பு ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நடையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். வயது வரம்பையும் சொன்னேன். கையிலிருந்த மார்க்கரை மூடினாள். உள்ளே பையன்கள் சத்தம் போட்டார்கள். “கிளாஸ்ல மாய எண் இருபதுன்னுதானுங்க சார் எழுதிப் போடறேன். பரீட்சைல அதுக்குத்தான் மார்க்கு.”

நிலைக்காத பொருள்களுக்கே கணக்குப் போட்டுக் கிழவனானவன் சொல்கிறேன், நான் பார்த்ததில் சிதையவே சிதையாதது அந்தத் தேர்வுக்குழு ஒன்றுதான்.