முட்டை ஓட்டுப் பல்பொடி

என் அண்ணி ரொட்டிக்கடையில் முட்டை உடைப்பவர். விடிந்ததும் போனால் பத்து மணிக்குள் நானூறு முட்டை. இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டுவார். மஞ்சள் கரு கலங்காது. கடையில் எல்லோருக்கும் அவர் முட்டைக்கா.

அத்தனை ஓடும் குப்பைக்குப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வேகவைத்து, உள்தோலை உரித்து, காயவைத்து, மிக்சியில் அரைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்தார். வறுத்த உப்பும் லவங்கமும் காய்ந்த புதினாவும் சேர்ந்ததும் பல்பொடி. தேங்காய் எண்ணெயில் குழைத்தால் பேஸ்ட். வீட்டில் மூன்று பேரும் ஒரு வருடமாக அதில்தான் பல் தேய்க்கிறோம்.

ரொட்டி வாங்க வந்த பெண்கள் விடுதி வார்டனம்மா ஒரு வெள்ளிக்கிழமை அண்ணியின் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுல பல்லு வெளக்குற நீ?"

அண்ணி சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை காலையில கொண்டு வா. எங்க பொண்ணுங்க நாப்பது பேரும் தேய்ச்சுப் பாக்கட்டும். பிடிச்சுப்போனா மாசாமாசம் நீதான் தரணும்."

அதன்பின் அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவசரத்தில், அரைத்தால் எல்லாம் ஒன்றுதானே என்று உள்தோல் உரிப்பதை விட்டுவிட்டார். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நாற்பது குட்டி டப்பாக்களும் மேசையில் வரிசையாக நின்றன.

ஒன்றைத் திறந்ததும் எனக்குக் குமட்டியது. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினேன்.

"அண்ணி, முட்டை வாடை வருது."

"எங்கடி வருது?" அவர் முகர்ந்தார். "லவங்கம்தான் வருது. என்னங்க, நீங்க பாருங்க."

அதே கடையில் அடுப்பு பார்க்கும் அண்ணன் டப்பாவுக்குள் மூக்கை விட்டார். "கமகமன்னு இருக்கு."

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. தினமும் அந்த வாடையிலயே நிக்கிறீங்க."

அண்ணி எதிர்வீட்டு இஸ்திரிக்காரரிடம் போய், இன்னதென்று சொல்லாமல் டப்பாவை நீட்டினார்.

"ஆம்லெட்டுக்குத் தூவுற பொடியாம்மா?" என்றார் அவர்.

நாற்பது டப்பா பொடியும் பூந்தொட்டிக்குப் போயிற்று. அன்றைய ஓடுகள் வாளியில் இருந்தன. வேகவைத்து, மூன்று பேரும் தண்ணீருக்குள் கைவிட்டு உரித்தோம். அண்ணன் ஓட்டுக்கு ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஊதாம உரிங்க. நாப்பது பொண்ணுங்க வாயில போறது."

மதிய ரொட்டி இறங்கிய கடையடுப்பில் சூடு மிச்சம் இருந்தது. முதலாளியிடம் கேட்டு அதில் காயவைத்தோம். பொழுது சாயும் முன் அரைத்துச் சலித்தாயிற்று. அண்ணி ஒவ்வொரு டப்பாவையும் என் மூக்கடியில் பிடித்தார். நான் தலையாட்டிய பிறகே மூடினார்.

ஞாயிறு காலை விடுதியின் குழாயடியில் நாற்பது பேரும் தேய்த்தார்கள். நான் கதவோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

"நுரையே வரலக்கா," என்றாள் ஒருத்தி.

"நுரை எதுக்கு? துணியா துவைக்கிற?" என்றார் அண்ணி.

கடைசியாக வார்டனம்மா விரலில் தொட்டுத் தேய்த்தார், கொப்பளித்தார், பல்லை நாக்கால் தடவிப் பார்த்தார். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடம் வலித்தது.

"வழவழன்னு இருக்கு. லவங்கம் மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ. ஒண்ணாந்தேதி வந்துடணும்."

திரும்பும்போது அண்ணி நடந்த வேகத்துக்கு நான் ஓடவேண்டியிருந்தது. தெருமுனையில் சட்டென்று நின்றார்.

"லவங்கத்தைக் குறைச்சா வாடை தெரியுமாடி?"

"தோலை உரிச்சுட்டா தெரியாது அண்ணி."

"விரல் தேஞ்சாலும் உரிப்பேன். நீ மட்டும் சளி பிடிச்சுக்காத."