திருப்புளியும் குட்டை கியரும்

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் திருப்புளி. மூக்குக் கண்ணாடியின் கடுகளவு திருகாணியைத் திருகும் குட்டித் திருப்புளி ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் பேனா மாதிரி நிற்கும். கடையில் அதற்கு வேலை இருந்தது. வீட்டில் அது தானாகவே வேலை தேடிக்கொண்டது. ஆடாத நாற்காலியை இன்னும் ஆடாமல் ஆக்கப்போய் ஆடவைத்தார். குளியலறைக் குழாயில் கைவைத்த நாளிலிருந்து அதைத் திறப்பவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றுதான் திறக்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணியிருக்கிறேன் என்பார்.

மனுஷன் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு நிறுத்திவிடலாம். இவர் எல்லாவற்றையும் அன்பால் செய்கிறவர். அன்பால் செய்கிறவரை எந்த வீட்டில் யாரால் தடுக்க முடிந்திருக்கிறது?

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊருக்கு வெளியே திறக்கப்போகும் புதுக் கிளையை அவள் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடிந்ததும் கதவைத் திறந்தாக வேண்டும். அந்நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் ஓட்ட லைசென்ஸ் இருந்தால் பொறுப்பு அவளுக்கு. இல்லாவிட்டால், பக்கத்து மேஜையில் நாள் முழுக்கக் கொட்டாவி விடும் பெண்ணுக்கு. முதல் தேர்வில் கோட்டைவிட்டாயிற்று. திங்கட்கிழமை மறுதேர்வு, அதிலும் போனால் கிளையும் போச்சு.

வீட்டுக் கார் கிழடு. அதன் கியர் கம்பி அண்டாவில் கரண்டி விட்டுக் கிளறுவது போல நீள நீளமாகப் போகும். இரண்டாவதுக்கு இழுத்தால் முழங்கை இருக்கையில் இடிக்கும். மூன்றாவதுக்கு உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தானே போய் விழும். இந்தக் கோணங்கித்தனங்களை எல்லாம் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் திருப்புளி ஒரு சாமானை வரவழைத்தார். பந்தயக்காரர்கள் மாட்டுகிற மாதிரி குட்டை கியர் கம்பி. உயரத்தையும் இழுப்பையும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். கையை லேசாக அசைத்தாலே கியர் மாறிவிடுமாம். அவளுக்குச் சுலபமாக இருக்குமே என்பதுதான் அவர் நினைப்பு. பரீட்சை முடிகிறவரை காரைத் தொட வேண்டாம் என்று அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

"பிடிக்கலைன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா. சாமானே அதுக்குத்தானே" என்றார் அவர்.

சனிக்கிழமை மாலை அவள் வேலையிலிருந்து திரும்பியபோது காரில் கியரைச் சுற்றியிருக்கும் நடுமூடி வாசற்படியில் கிடந்தது. பழைய கம்பியைக் கழற்றியபோது அதன் அடியில் கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணம் பொடிப்பொடியாகிவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று; பழையதை இனி மாட்ட முடியாது. புதியதில் கேபிளை மாட்ட மூன்று ஓட்டைகள். எதில் மாட்டினாலும் பழைய நீளம் வராது. கடைசி ஓட்டையில் மாட்டினால் படு குட்டை. மூன்று ஓட்டை இருக்கும்போது கடைசியில் மாட்டாமல் விடுகிற ஆளா அவர்?

அவளை உட்காரவைத்தார். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குத் தள்ளினாள். அது ஐந்தாவதில் போய் நின்றது. உடனே அவருக்குக் கடைப் புத்தி வந்துவிட்டது. கண் பரிசோதனையில் கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, இதில் தெரிகிறதா, அதில் தெரிகிறதா என்று கேட்பாரே, அதே ராகம். கேபிளை நடு ஓட்டைக்கு மாற்றினார். இது நல்லா இருக்கா என்றார். முதல் ஓட்டைக்கு மாற்றினார். இல்லை, அதுதான் தேவலையா என்றார். மறுபடி கடைசி ஓட்டை. ஒவ்வொரு மாற்றத்திலும் அவள் கை ஏற்கெனவே பழகியிருந்ததையும் மறந்துகொண்டே போனது. கடைசியில் முதல் கியர் எந்தப் பக்கம் என்பதே குழம்பிப்போய், கம்பியை விட்டுவிட்டு மடியில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினா..." என்று ஆரம்பித்தார்.

"பண்றது நீங்க. பண்ணிக்கிறது நாங்க" என்றாள் அவள். "கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான். இப்ப எந்த ஓட்டையில இருக்கோ அதுலயே இருக்கட்டும். வெளிய வாங்க."

அவள் கத்தியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் எஞ்சினைப் போடாமலே காரில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிளட்சை மிதித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் போட்டு எடுத்தாள். வாசலில் மகள் காவல். அப்பா கிட்ட வரக் கூடாதென்று அம்மாவின் உத்தரவு என்று சொல்லி, பாதி வழியிலேயே அவரைத் திருப்பி அனுப்பினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நின்றவருக்குக் கை நமநமத்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. நாளைக்கு இவள் தோற்றால் காரணம் தானன்றி வேறு யாரும் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே புரிந்தது.

திங்கட்கிழமை தேர்வு மைதானத்தில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரிசோதகர் ஏறி உட்கார்ந்ததும் கார் கிளம்பியது. மேட்டில் நின்றது. எஞ்சின் ஒரு கணம் திணறியபோது அவருக்கு உயிரே போய் வந்தது. பிறகு பின்னால் உருளாமல் ஏறி, வளைந்து, கம்புகளுக்கு நடுவே பின்பக்கமாகவே வந்து ஒழுங்காக நின்றது. தேறிவிட்டாள்.

திருப்புளிக்குத் தலைகால் புரியவில்லை. கேட்காத பரிசோதகரிடம் வலியப் போய், அந்தக் கியரை மாட்டியது நான்தான் என்றார். அவள் கையெழுத்துப் போட உள்ளே போக, காரை வெளியே எடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. மாட்டினாரே ஒழிய, அதைப் போட்டு அவர் ஒரு அடிகூட ஓட்டியதில்லை. முதல் கியர் என்று நினைத்து மூன்றாவதைப் போட்டார். கார் உதறிக்கொண்டு அணைந்தது. மறுபடி அணைந்தது. அதற்கடுத்துப் பின்னால் பாய்ந்து ஒரு கம்பைச் சாய்த்தது.

பரிசோதகர் எட்டிப் பார்த்தார். "சார், உங்க நம்பரை இன்னும் கூப்பிடலையே."

அவள் வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றாள். அவர் இறங்கி, சுற்றிப் போய், அடுத்த இருக்கையில் உட்கார்ந்தார்.

வழியில், நடு ஓட்டைக்கு மாற்றிவிட்டால் இரண்டு பேருக்கும் ஒத்துவரும் என்று மெல்ல ஆரம்பித்துப் பார்த்தார். "வேணாங்க. என் கைக்கு இது பழகிடுச்சு. இதுல மட்டும் கை வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினாள். மாற்றியது அவருக்குத் தெரியக்கூட இல்லை.

புதுக் கிளை திறந்துவிட்டது. விடிவதற்குள் கார் போய்விடுகிறது. திருப்புளி பஸ்ஸில் கடைக்குப் போகிறார். கார் என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால், அதை ஓட்ட என் மனைவி ஒருத்தியால்தான் முடியும் என்கிறார், நிஜமான பெருமையோடு. கியரை மாட்டியது யார் என்று மட்டும் இப்போதெல்லாம் சொல்வதில்லை.